கஞ்சிக்கு உப்பு பார்ப்பது யார்?

மதுரை காஜிமார் தெருவை ஒட்டிய ஒரு சந்து. ரமலான் மாதம் வந்துவிட்டால் மாலை 4 மணிக்கே அங்கே வீட்டுக்கு வீடு இஞ்சி, பூண்டு வதங்கும் வாசம் கிளம்பிவிடும். ஐந்து மணிக்குப் பள்ளிவாசல் வாசலில் தூக்குவாளிகளோடு ஒரு வரிசை நிற்கும். நோன்புக் கஞ்சி வாங்க வந்தவர்கள். தொப்பி போட்ட சிறுவன், நெற்றியில் விபூதி பூசிய தாத்தா, வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்கள் என எல்லாரும் அதில் உண்டு.

அந்தச் சந்தின் நடுவில் ஒரு மாடி வீடு. அந்த வீட்டுக்கு மருமகளாக அவர் வந்து 42 வருடங்கள் ஆகின்றன. இப்போது வயது 61. பேரப்பிள்ளைகளுக்கு அவர் ‘நன்னி’. கணவர் இறந்து ஆறு வருடமாகிறது. ஜவுளிக் கடையில் கணக்கு பார்க்கும் மகன், உத்தமபாளையத்திலிருந்து வந்த மருமகள், நாலாம் வகுப்பு படிக்கும் பேத்தி, ஐந்து வயதுப் பேரன். இவ்வளவுதான் குடும்பம்.

பிரசவம், மாதவிடாய் போன்ற நாள்கள் தவிர, ஒன்பது வயதிலிருந்து அவர் நோன்பைத் தவறவிட்டதே இல்லை. அப்படித் தவறிய நோன்புகளையும் அடுத்த ரமலானுக்குள் ஒவ்வொன்றாக வைத்துத் தீர்த்துவிடுவார். அந்த வீட்டில் சஹருக்கு அலாரம் வைக்கும் வழக்கமே கிடையாது. மூன்றரை மணிக்கு நன்னி எழுந்துவிடுவார். பாத்திரச் சத்தம் கேட்டு மற்றவர்கள் எழுந்துகொள்வார்கள்.

சென்ற ஆண்டு வரை அப்படித்தான் இருந்தது.

வடைச் சட்டியின் முன்னால்

சென்ற ஆண்டு, பத்தொன்பதாவது நோன்பு. மாலை ஐந்தே கால் மணி. வடை போட்டுக்கொண்டிருந்த நன்னி, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் வியர்வை. கை நடுங்குகிறது. கூப்பிட்டால் பதில் குழறுகிறது. மேலே அடுப்பில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருக்கிறது.

பேத்தி போட்ட சத்தத்தில் மருமகள் ஓடிவந்து முதலில் அடுப்பை அணைத்தார். பிறகு விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை 48. சர்க்கரைத் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடிக்க வைத்த பிறகுதான் நன்னிக்கு நிதானம் வந்தது. கண் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “பாங்கு சொல்லியாச்சா?”

இன்னும் சொல்லவில்லை என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைய நோன்பு போய்விட்டது.

14 வருடமாக அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. மூன்று வருடமாகக் காலையும் இரவும் இன்சுலின் ஊசி. சிறுநீரகத்திலும் லேசான பாதிப்பு தொடங்கியிருந்தது. “மாத்திரை மட்டும் போடுறவங்க சிலரை, அளவை மாத்திக் கொடுத்து நோன்பு வைக்கச் சொல்லுவேன். உங்களுக்கு அது சரிப்படாதும்மா. இனிமே வேண்டாம்” என்று மருத்துவர் அப்போதே சொல்லிவிட்டார். இந்த ஆண்டு ரமலானுக்கு ஒன்றரை மாதம் முன்பே மகன் மறுபடி அழைத்துப்போனார். அதே பதில்தான்.

நன்னி தலையை ஆட்டினார். வீட்டில் எல்லாரும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மொட்டை மாடிப் பூனை

பிறை தெரிந்த அன்று சந்தே கலகலப்பாக இருந்தது. பேத்திக்குத் தலைகால் புரியவில்லை. இந்த ஆண்டு சனி, ஞாயிறுகளில் மட்டும் நோன்பு வைத்துக்கொள்ள அம்மாவிடம் அனுமதி வாங்கியிருந்தாள். நன்னி மட்டும் அன்று அதிகம் பேசவில்லை.

முதல் நாள் சஹருக்கு வழக்கம்போல மூன்றரைக்கு எழுந்து சமைத்தார். “உங்களோட சேர்ந்து ரெண்டு வாய் சாப்பிடுறேன்” என்று உட்கார்ந்தார். யாரும் தவறாக நினைக்கவில்லை. காலையில் மருமகள் தட்டு வைத்தபோது, “அப்புறம் சாப்பிடுறேம்மா” என்றார். மதியம் மூடி வைத்த சாப்பாட்டுத் தட்டு, சாயங்காலம் கழுவிக் கவிழ்த்திருந்தது. இரண்டாம் நாளும் அப்படித்தான்.

மூன்றாம் நாள் மதியம் மூன்றரை மணிக்குத் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போன மருமகள், அங்கே பூனை சப்பாத்தி தின்பதைப் பார்த்தார். பிய்த்துப் போட்ட சப்பாத்தி. பக்கத்தில் கத்தரிக்காய்க் கூட்டு. மாமிக்கு மதியம் வைத்த அதே சாப்பாடு.

படியிறங்கி ஓடினார். நன்னி தொழுகை விரிப்பிலேயே சுருண்டு படுத்திருந்தார். கை சில்லென்று இருந்தது. கழுத்தெல்லாம் வியர்வை. விரலில் குத்திப் பார்த்தால் 61. காலை ஊசியைச் சஹரிலேயே போட்டுக்கொண்டு, பிறகு எதுவும் சாப்பிடாமல் மூன்று நாளாகச் சமாளித்திருக்கிறார்.

“எந்திரிங்க மாமி. இதைக் குடிங்க.”

“இன்னும் மூணு மணி நேரம்தாம்மா...”

“குடிங்க மாமி.”

மூன்று தேக்கரண்டி சர்க்கரை கரைத்த தண்ணீர். கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தபோது 84. அதன்பிறகு கொஞ்சம் சாதமும் மோரும். ஒவ்வொரு வாயையும் விழுங்கும்போது நன்னியின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

“அம்பது வருஷத்துக்கு மேல வச்சேன். எல்லாரும் பசியோட இருக்கிற வீட்டுல நான் மட்டும் எப்படித் தட்டை வச்சிட்டு உக்காருவேன்? அடுப்படியில ஒளிஞ்சு நின்னு சாப்பிட எனக்கு வெக்கமா இருக்கு.”

மருமகள் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஒரு பழைய கதையை எடுத்தார்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் சொன்னது

கல்யாணமாகி வந்த முதல் ரமலான். மருமகளுக்கு வயது 22. நோன்பின் நடுவில் மாதவிடாய் வந்துவிட்டது. அந்த நாள்களில் பெண்களுக்குத் தொழுகையும் இல்லை, நோன்பும் இல்லை. விடுபட்ட நோன்பைப் பிறகு வைத்துக்கொள்ள வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்த சட்டம்தான். ஆனால் புது வீடு. மாமனார் இருக்கிறார், கொழுந்தன் இருக்கிறார். சாப்பிட்டால் விஷயம் தெரிந்துவிடுமே என்று ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தார். நோன்பும் இல்லை, சாப்பாடும் இல்லை. இன்றும் எத்தனையோ வீடுகளில் பெண்கள் அப்படித்தான் இருக்கிறார்கள்.

மறுநாள் மாமி கண்டுபிடித்துவிட்டார். அடுப்படிக் கதவைச் சாத்தி, மணை போட்டு உட்கார வைத்து, சூடாகத் தோசை ஊற்றிக் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே சொன்னாராம்: “இதுல வெக்கப்பட என்ன இருக்கு? வைன்னு சொன்னவன்தான், இந்த நாள்ல வேண்டாம்னும் சொல்லியிருக்கான். அவன் குடுத்த சலுகையை வேண்டாம்னு சொல்ல நாம யாரு?”

அந்த வார்த்தையை மருமகள் மறக்கவில்லை. பதினோரு வருடம் கழித்து, அதே அடுப்படியில், சொன்னவரிடமே திருப்பிச் சொன்னார்.

“எனக்கு மாசத்துல ஏழு நாள் சலுகை குடுத்த அல்லாஹ்தானே மாமி உங்களுக்கும் குடுத்திருக்கான்? எனக்குத் தோசை ஊத்திக் குடுத்துட்டு, நீங்க பூனைக்குச் சப்பாத்தி போடுறீங்களே?”

நன்னி அழுகையினூடே சிரித்துவிட்டார்.

“உங்க மகன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க” என்று மட்டும் மருமகள் கேட்டுக்கொண்டார்.

அன்று இரவு மகன் தராவீஹ் தொழுகை முடிந்து வந்ததும் நன்னி அவரை உட்கார வைத்துச் சொன்னார். மகனுக்குக் கோபம் வந்தது. ஆனால் கத்தவில்லை. “போன வருஷம் நீங்க விழுந்தப்ப பாப்பா பக்கத்துலதான் நின்னா. அந்த எண்ணெய்ச் சட்டி சாஞ்சிருந்தா?” என்று மட்டும் கேட்டார். நன்னியிடம் அதற்குப் பதில் இல்லை.

ஒரு நோன்புக்கு இரண்டு வேளை

மறுநாள் மகன் பள்ளிவாசலில் ஹஜ்ரத்தைப் பார்த்தார். குர்ஆனின் இரண்டாவது அத்தியாயமான அல்பகராவில் 184, 185 ஆகிய வசனங்கள் இதைப் பற்றித்தான் பேசுகின்றன என்று அவர் விளக்கினார். நோயாளியும் பயணியும் வேறு நாள்களில் நோன்பை வைத்துக்கொள்ளலாம். குணமாகி மறுபடி வைக்க முடியும் என்ற நம்பிக்கை இல்லாதவர்கள், விடுபடும் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்க வேண்டும். அதற்குப் பெயர் ஃபித்யா. அந்த வசனங்களிலேயே, இறைவன் மனிதர்களுக்கு இலகுவைத்தான் விரும்புகிறான் என்ற கருத்தும் இருக்கிறது.

“ஒரு நோன்புக்கு ஓர் ஏழைக்கு இரண்டு வேளை வயிறாரச் சாப்பாடு. சமைத்தும் கொடுக்கலாம், அதற்கு ஈடானதைத் தானியமாகவோ பணமாகவோ கொடுக்கவும் செய்யலாம்” என்றார் ஹஜ்ரத்.

மகன் வீட்டுக்கு வந்து, “முப்பது நாளைக்கும் சேத்து நான் பணமாக் கட்டிடுறேம்மா” என்றார்.

நன்னி மறுத்தார். “அரிசி, பருப்புக்குக் காசு நீ குடு. சமையல் நான்.”

யாருக்குக் கொடுப்பது என்பதையும் அவரே சொன்னார். அடுத்த சந்தில் ஒற்றை அறையில் தனியாக இருக்கும் ஒரு மூதாட்டி. நன்னியைவிட நாலைந்து வயது மூத்தவர். கடைகளுக்குப் பூண்டு உரித்துக் கொடுத்துக் கிடைப்பதுதான் வருமானம். முப்பது நோன்பும் வைப்பவர். சஹருக்கு இரவே வாங்கி வைத்த பன்னைத் தண்ணீரில் தொட்டுச் சாப்பிட்டு நோன்பு வைக்கிறார் என்று நன்னிக்கு எப்போதோ காதில் விழுந்திருந்தது.

“எனக்கு வைக்க முடியல. வைக்கிறவ பன்னு தின்னுட்டு வைக்கிறா. அவளுக்குச் சஹருக்கும் நோன்பு திறக்கவும் நான் ஆக்கித் தர்றேன்.”

ஹஜ்ரத் சொன்ன இரண்டு வேளை அதுவாகவே ஆனது.

போய்க் கேட்பதில்தான் நன்னிக்குத் தயக்கம். யாரிடமும் கைநீட்டாத மனுஷி. ‘எனக்கு எதுக்கு உங்க சோறு’ என்று சொல்லிவிட்டால்? மருமகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனார். உட்கார்ந்து, உடம்பு விஷயம், பூனை விஷயம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார்.

அந்த அம்மா பூண்டு உரிக்கும் கையை நிறுத்தாமலே கேட்டார். கடைசியில் சொன்னார்: “அப்ப இது நீ எனக்குக் குடுக்கிறது இல்ல. உன் கடனை நான் வாங்கிக்கிறேன். சரி, கொண்டா. ஆனா எனக்குக் காரம் ஆகாது, பாத்துக்க.”

திரும்பி வரும்போது நன்னியின் நடையே வேறாக இருந்தது என்கிறார் மருமகள்.

மதியம் ஒரு மணித் தட்டு

அதன்பிறகு அந்த வீட்டின் ரமலான் நாளுக்கு ஒரு புது ஒழுங்கு வந்தது.

மூன்றரைக்கு நன்னி எழுவது மாறவில்லை. நாலு மணிக்கு மகன் டிபன் கேரியரோடு அடுத்த சந்துக்கு நடப்பார். திரும்பி வந்து வீட்டாரோடு சஹர் சாப்பிடுவார். நன்னி அப்போது எதுவும் சாப்பிடுவதில்லை. ஃபஜ்ர் தொழுது, குர்ஆன் ஓதி முடித்து, எட்டு மணிக்கு மருத்துவர் சொன்ன அளவில் ஊசி போட்டுக்கொண்டு காலை உணவு. ஒரு மணிக்கு மதிய உணவு.

அந்த ஒரு மணித் தட்டு அடுப்படிக்குள் ஒளிவதில்லை. வழக்கமாகச் சாப்பிடும் இடத்திலேயே, மணை போட்டு உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார். பசியோடு இருப்பவர்கள் முன்னால் ஆர்ப்பாட்டமாகச் சாப்பிடக் கூடாது என்ற மரியாதை அவருக்குத் தெரியும். ஆனால் மரியாதை வேறு, ஒளிவது வேறு என்று இப்போது சொல்கிறார்.

பேத்தி முதல் சனிக்கிழமை நோன்பு வைத்திருந்தபோது அந்தத் தட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “நன்னி, நீங்க நோன்பு இல்லையா?”

“இல்லடா தங்கம். நன்னிக்கு உடம்பு சரியில்ல. அல்லாஹ் எனக்கு வேற வேலை குடுத்திருக்கான்.”

“என்ன வேலை?”

“அடுத்த சந்து நன்னிக்குச் சோறு ஆக்குறது.”

அன்றிலிருந்து மாலைத் தூக்குவாளியை எடுத்துப்போவது பேத்தியின் வேலையானது.

வீட்டுக் கஞ்சியிலும் ஒரு மாற்றம். பச்சரிசிக் குருணை, பாசிப்பருப்பு, வெந்தயம், புதினா, மல்லி, கொஞ்சம் கொத்துக்கறி, கடைசியில் தேங்காய்ப்பால் என்பதுதான் அந்த வீட்டுப் பக்குவம். அதே தாளிப்பில், குருணைக்குப் பதில் சம்பா கோதுமை ரவையும் கூடுதலாகப் பாசிப்பருப்பும் காய்கறியும் போட்டு, தேங்காய்ப்பாலைக் குறைத்து, நன்னிக்கென்று மருமகள் ஒரு சின்னச் சட்டியில் தனியாகக் காய்ச்சுகிறார். பொரித்த வடை, சம்சா வாரத்துக்கு இரண்டு நாள் என்று மொத்த வீட்டுக்குமே குறைந்துவிட்டது. மகன்தான் கொஞ்சம் முணுமுணுத்தார்.

மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை மருமகள் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் இப்போது சொல்கிறார். சர்க்கரை உள்ளவர்கள் நோன்பு வைக்கலாமா என்பதை ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். மாத்திரை, ஊசி அளவைத் தாங்களாக மாற்றக் கூடாது. நோன்போடு இருக்கும்போது விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது. அளவு 70-க்குக் கீழே போனாலோ, 300-க்கு மேலே ஏறினாலோ, மாலை எத்தனை மணியாக இருந்தாலும் நோன்பை முடித்துக்கொள்ள வேண்டும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம் வந்தால் ‘இன்னும் கொஞ்ச நேரம்தானே’ என்று இருக்கவே கூடாது.

கடைசி வரியைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் சற்று உயர்கிறது.

காலியான வேலை

நோன்பு வீட்டில் சமைப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. உப்பு பார்க்க முடியாது. தேவைப்பட்டால் நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடலாம் என்று சொல்வார்கள். நன்னி அதைக்கூடச் செய்ததில்லை. கைக்கணக்குதான். இல்லையென்றால் நோன்பு வைக்காத சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு, கரண்டியில் ஊதிக் கொடுத்துக் கேட்க வேண்டும். மூன்று வருடமாக அந்த வீட்டில் உப்பு பார்க்கும் வேலை பேத்திக்கு.

இரண்டாவது சனிக்கிழமை. பேத்திக்கு அன்று நோன்பு. ஐந்து மணிக்குக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. மருமகள் பழக்கத்தில், “பாப்பா, உப்பு பாருடா” என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பேரனோ தெருவில் விளையாடப் போய்விட்டான்.

அடுப்படி வாசலில் நின்ற பேத்தி திரும்பிக் கூப்பிட்டாள். “நன்னி! நீங்கதான் இன்னைக்கு நோன்பு இல்லையே. நீங்க வந்து உப்பு பாருங்க.”

அவள் அதைச் சொன்ன விதத்தில் பரிதாபம் இல்லை. வீட்டில் ஒரு வேலை காலியாக இருக்கிறது, ஆள் இருக்கிறது, அவ்வளவுதான்.

நன்னி வந்தார். கரண்டியில் கொஞ்சம் எடுத்து, ஊதி, உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். ரமலான் மாதத்தில் பகல் நேரத்தில், இத்தனை பேர் பார்க்க, அவர் வாயில் கஞ்சி வைத்தது அதுதான் முதல் முறை.

“இன்னும் அரைக் கரண்டி போடும்மா.”

அன்றைய தூக்குவாளி அடுத்த சந்துக்குப் போய்த் திரும்பியபோது பேத்தி ஒரு செய்தியும் கொண்டுவந்தாள். முந்திய நாள் கஞ்சியில் உப்பு கம்மி என்றாராம் அந்த அம்மா. இன்று சரியாக இருக்க வேண்டுமாம்.

“சரியா இருக்கும்னு சொல்லு. இன்னைக்கு நான்தான் பாத்தேன்” என்றார் நன்னி.

ஆறரைக்குக் கொஞ்சம் முன்னால் பாங்கு. எல்லாரும் விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சுமார் 13 மணி நேரம் தாக்குப்பிடித்த பேத்தி கண்ணை இறுக மூடி துஆ கேட்டாள். நன்னியும் கையேந்தியிருந்தார். பேரீச்சம்பழத்தில் பாதியைத் தான் எடுத்துக்கொண்டு மீதியைப் பேத்தி வாயில் வைத்தார். மகன் கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“என்னம்மா, இன்னைக்குக் கஞ்சி நல்லா இருக்கு?”

நன்னி மருமகளைப் பார்த்தார். மருமகள் பேத்தியைப் பார்த்தார். பேத்தி வாய் நிறைய கஞ்சியோடு சொன்னாள்: “உப்பு பாத்தது நன்னி!”